புஷ்பாவின் கொக்கு

டிசம்பர் 16, 1998. புதன்

காலையில் பனி. அடுகோடி ஸ்டாப்பில் பஸ் வந்து நின்ற பிறகுதான் நம்பர் தெரிந்தது. மஃப்ளர் மறந்துவிட்டேன். காது வலி.

செய்ய வேண்டியவை:
ரம்யா ஸ்கூல் ஸ்வெட்டருக்குப் பட்டன்
மண்ணெண்ணெய்
தலைவலித் தைலம்
இவருக்கு டிபன் பாக்ஸ் மூடி (பழையது லேத் பட்டறையிலேயே தொலைந்தது)

எழுத வேண்டியதை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறேன்.

ஏரிக்கரை மைதானத்து டிசம்பர் விழாவில் எங்கள் ஓட்டல் சார்பாக ஐஸ் செதுக்கப் போவது புஷ்பா. நான் இல்லை.

வருஷா வருஷம் நடக்கிற விழாதான். பூ, கேக், பாட்டுக் கச்சேரி, ராட்டினம். இந்த வருஷம் புதிதாக ஐஸ் சிற்பப் போட்டி. நாலு பேர். மூன்று நாள். ஒரு நாளைக்கு ஒரு கட்டி. வெள்ளி மீன், சனி பறவை, ஞாயிறு அவரவர் இஷ்டம்.

காலை மீட்டிங்கில் செஃப் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "ஐஸ் புஷ்பா மாட்தாளெ. கலா, நீவு ஜூஸ் கவுண்டர் நோட்கொள்ளி." அவ்வளவுதான். அவளுக்கு உளி, எனக்கு ஜூஸ். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

அவளும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருஷம். வெங்காயம் உரிக்க ஆரம்பித்து, சாலட், அப்புறம் தர்பூசணியில் பூ, கேரட்டில் கிளி. அக்டோபரில் செஃப் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஐஸ் கட்டி கொடுத்துச் செய்யச் சொன்னார். அவள் மீன் செய்தாள். நான் அன்னம். "கலாவின் அன்னத்துக்குத்தான் உயிர் இருக்கிறது" என்று செஃபே சொன்னார். எல்லாரும் கேட்டார்கள்.

பிறகு ஏன் அவள்? உயரம். சிரிப்பு. கன்னடம், இங்கிலீஷ் இரண்டும் தண்ணீர் மாதிரி வருகிறது. எனக்கு இங்கிலீஷ் என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஐஸ்தானே, கரஞ்சி போறது. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறே?" என்றார்.

இனிமேல் அவளைப் பு. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுத இன்றைக்குக் கை வரவில்லை.


டிசம்பர் 17. வியாழன்

வெயில், ஆனால் காற்று சில்லென்று.

மதியம் காண்டீனில் பு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். எப்போதும் செய்வதுதான்.

"கலா, உன் சின்ன உளி குடேன். மீனுக்குச் செதில் எடுக்க அதான் கரெக்டு. ஓட்டல்ல குடுத்தது மொக்கையா கீது."

"சாணை வெக்கக் குடுத்திருக்கறேன்டி."

"எப்ப வரும்?"

"தெரியல."

உளி என் பைக்குள் இருந்தது. பை என் காலடியில் இருந்தது.

"நீதான் போவேன்னு நெனச்சேன். எனக்கே ஒரு மாதிரி கீது" என்றாள். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாவம் பார்க்கிறாள். அதுவும் என் அப்பளத்தைத் தின்றுகொண்டே.

பட்டன் தைத்தாகிவிட்டது. மண்ணெண்ணெய் இல்லை என்று கடைக்காரர்.


டிசம்பர் 18. வெள்ளி. மீன்

மைதானம். பதினொரு மணிக்கு வேன். சாக்குப் பைக்குள் உமி போட்டுச் சுற்றிய கட்டிகள், ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். கொண்டுவந்தவர் ஐஸ் ஃபேக்டரி ரஹ்மான் பாய். அவரும் போட்டியில் உண்டு. முப்பது வருஷமாக ஐஸ் தூக்குகிறவர், உளி பிடிப்பது இதுதான் முதல் தடவையாம். மற்ற இரண்டு பேர்: ஒரு கிளப்பின் சமையல்காரர், ஒரு கேட்டரிங் காலேஜ் வாத்தியார்.

ஷாமியானாவுக்குக் கீழே நாலு மேஜை வரிசையாக. பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்பக்கம், கயிற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஜூஸ் கவுண்டர் மேஜைகளுக்குப் பின்னால். அதாவது எல்லாரும் பு.வின் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் முதுகைப் பார்க்கிறேன்.

கட்டி வந்தவுடன் யாரும் தொடவில்லை. மேலே வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. நிழலில் ஒரு மணி நேரம் விட வேண்டும். அந்த வெள்ளை போய்க் கண்ணாடி ஆகும். அதற்கு முன்னால் உளி வைத்தால் வெடிக்கும். பாய் தன் கட்டியைக் கையால் தடவிக்கொண்டே, "ஐஸ்கூ அவசரம் ஆகாதும்மா. அதுக்கு மூட் வரணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ரம்பம். கர்ர் கர்ர் என்று மரம் அறுக்கிற சத்தம் இல்லை, அதைவிட மெல்லிசு. தூள் பறக்கிறது. பு.வின் முழங்கை வரை வெள்ளை. ரப்பர் கையுறை, தலையில் ஸ்கார்ஃப். நடுநடுவே கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்கிறாள். எனக்கு ஜூஸ் டம்ளரைக் கழுவிக் கழுவியே விரல் மரத்துவிட்டது. அதற்கு யாரும் கை தட்டவில்லை.

கவுண்டரில் காதில் விழுந்தவை:
"அந்தம்மா கையப் பாரு, மிஷின் மாதிரி."
"கரஞ்சா அந்தத் தண்ணிய இன்னா பண்ணுவாங்க?"
"உள்ள ஒரு பல்பு வெச்சா சூப்பரா இருக்கும்."
"ஒரு சாத்துக்குடி, ஐஸ் இல்லாம."

மீன் நன்றாகத்தான் இருந்தது. வால் ஒரு பக்கம் திரும்பி, துள்ளுகிற மாதிரி. செதில் கொஞ்சம் மழுங்கல். சின்ன உளி இருந்திருந்தால் கூர்மையாக வந்திருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு வந்தது வெட்கமா சந்தோஷமா என்று இங்கே எழுதப் போவதில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து அவளிடம் கேட்டார். அவள் இங்கிலீஷில், "ஐஸ் இஸ் ஆல்சோ வெஜிடபிள் சார், ஒன்லி இன் எ ஹரி" என்றாள். ஐஸும் ஒரு காய்கறிதான், கொஞ்சம் அவசரக்கார காய்கறி. அவர் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டார்.

அது நான் சொன்னது. அக்டோபரில், கோல்ட் ரூம் வாசலில், தமிழில் நான் அவளிடம் சொன்னது.

கிளப்காரர் முதல், பு. இரண்டாவது, கொஞ்சம்தான் வித்தியாசம். மூன்று நாள் மார்க்கும் கூட்டித்தான் பரிசு.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய இடத்தில் நான்தான் எழுப்பிவிட்டேன்.


டிசம்பர் 19. சனி. பகல் இரண்டு மணி இருக்கும்

ஜூஸ் ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். வீட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்றைக்கு வேன் லேட். கட்டிகள் வெயிலில் நின்றுவிட்டன, தார்ப்பாய் விலகி. நடுவர்கள் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள் என்று செஃபுக்குப் பதற்றம். உமி போக பு.வின் கட்டி மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார். பாய் "வேணாம் சார், வேணாம், வெடிச்சிடும்" என்று கத்தினார். பாய் தன் கட்டியைத் தொடவே இல்லை, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பு. கொக்கு செய்கிறாள். இறக்கையை விரித்து எழும்பப் போகிற கொக்கு. எல்லாரும் செய்கிற மயில், கிளி இல்லை. அல்சூர் ஏரியில் அவள் தினமும் பார்க்கிறது. நல்ல யோசனை. எனக்கு வரவில்லை.

சூரியன் அந்தப் பக்கம் இறங்குகிறது. என் பக்கமிருந்து பார்த்தால் கட்டிக்குள் வெளிச்சம். இடது இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு கோடு. தலைமுடி அளவு. மேலிருந்து சாய்வாக உள்ளே போகிறது. முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பம் வந்திருக்கிறது, ஆறு ஜூஸ்.

இன்னும் சொல்லவில்லை. கோடு கொஞ்சம் நீண்டிருக்கிறதா, வெளிச்சம் நகர்ந்ததா?

திரும்பி என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.


அதே நாள், மாலை

சீட்டை மேலே ஒட்டியிருக்கிறேன். ஒட்டாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். பசை காய்வதற்குள் இரண்டு தடவை பிய்க்கப் பார்த்தேன்.

மூன்றரை மணி. அவள் இறக்கைக்கு அடியில் குனிந்து காலைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாக இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி ஒன்று. இறக்கை முழுசாக இறங்கியது. பதினைந்து கிலோவாவது இருக்கும். நேராக வலது பாதத்தில். ஓட்டல் ஷூ நனைந்துவிட்டது என்று கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட்டிருந்தாள்.

கத்தவில்லை. "அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத் தூளில் சிவப்பு. கூட்டம் முதலில் கை தட்டியது, அதுவும் ஏதோ வேடிக்கை என்று.

நான்தான் முதலில் ஓடினேன். அதையும் எழுதி வைக்கிறேன். ஏப்ரனைக் கழற்றிப் பாதத்தில் கட்டியது நான். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது நான். "நீ இருந்தது நல்லதாப் போச்சுடி" என்றாள் வழியில்.

இரண்டு விரல் எலும்பு முறிவு. ஏழு தையல். இரண்டு வாரம் காலை ஊன்றக்கூடாது.

சாமான் எடுக்கத் திரும்பி மைதானத்துக்கு வந்தபோது பாய் பு.வின் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, மிச்சம் நின்ற கொக்கை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "பாரும்மா, இங்கருந்து பாத்தா தெளிவா தெரிஞ்சிருக்கும். பாவம், இந்தப் பக்கம் யாரும் இல்ல போல" என்றார். பிறகு எங்கள் கவுண்டரைப் பார்த்தார். பிறகு என்னை. சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

செஃப் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார். நாளைக்கு நான் செதுக்க வேண்டும். வேறு பெயர் போட நேரமில்லை, ஓட்டல் பெயர்தான் முக்கியம், வரைபடம் பு. ஏற்கெனவே கொடுத்திருக்கிறாள், அதைச் செய்தால் போதும்.

மூன்று நாளாக எது வேண்டும் என்று வயிறெரிந்தேனோ அது கையில் வந்துவிட்டது.

இவர் கேட்டார், "நாளைக்கு நீயாமே? சந்தோசம்தானே?" குழம்பு அடியில் பிடித்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். பிடிக்கவில்லை.


டிசம்பர் 20. ஞாயிறு. காலை பத்தரை, பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. பரவாயில்லை.

ஏழரைக்கே மர்பி டவுன் போனேன். புஷ்பாவின் வீடு. முன்னறையில் கட்டில், காலுக்கு அடியில் இரண்டு தலையணை. அவள் வீட்டுக்காரர் மணி ஆட்டோ எடுத்துப் போய்விட்டார். தனியாகத்தான் இருந்தாள்.

"வாடி. டீ போட ஆளில்ல. நீயே போட்டுக்கோ, எனக்கும் குடு."

போட்டேன். சர்க்கரை எங்கே, டீத்தூள் எங்கே, எல்லாம் தெரியும் எனக்கு அந்த வீட்டில்.

"செஃப் சொன்னாரு, இன்னிக்கி நீதான்னு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு கலா. வேற எவளையாவது விட்டிருந்தா அழுதிருப்பேன்."

தலையணைக்கு அடியிலிருந்து வரைபடத்தின் இன்னொரு காப்பியை எடுத்துக் கொடுத்தாள். தெருக்குழாய், அதற்குக் கீழே இரண்டு குடம். ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து. வேறு ஒன்றும் இல்லை. தண்ணீரில் செய்த குடம். பார்த்ததும் எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எரிச்சல். காலில் கட்டோடு படுத்திருக்கிறவளைப் பார்த்தும் இப்படி வருகிறதே எனக்கு.

அவள் பேசிக்கொண்டே போனாள். சந்தேகமாக இல்லை, சும்மா நடந்ததைச் சொல்கிற மாதிரி.

"ரெண்டு மணி வாக்குல ஒரு சத்தம் கேட்டுச்சு எனக்கு. 'டிக்'குனு. உளிய நிறுத்திட்டேன். என் பக்கம் பாத்தேன், ஒண்ணும் தெரியல. சரி, பின்னாடி கலா நிக்கிறாளே, ஏதாவது இருந்தா அவ கத்துவான்னு உன்னப் பாத்தேன். நீ தலையாட்டினே. அப்ப ஒண்ணுமில்லன்னு அடிச்சேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கோடு இருந்துச்சு. பாத்தேன்."

"எப்ப?"

"நீ திரும்பறதுக்கு முன்னாடியே."

வெளியே யாரோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள், "மூணு ஆச்சு, நிறுத்து" என்று.

"ஒரு துண்டு ஒடையும், மார்க் போவும், அவ்ளோதான்னு நெனச்சேன். காலுல விழும்னு நெனைக்கல புஷ்பா. சத்தியமா நெனைக்கல."

"மார்க் போவும்னு நெனச்சியா."

"ஆமா."

"போவட்டும்னு நெனச்சியா."

கீழே வைத்த டம்ளரை எடுத்து அடியைத் துடைத்தேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "சின்ன உளி சாணையிலேருந்து வந்துடுச்சா?"

அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள்.

"பையிலதான் கீது."

"எடுத்துக்கினு போ. குழாய் வாய்க்கு அது வேணும். மணியாவுது."

கிளம்பும்போது கதவைச் சாத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினாள். அழுதாளா என்று தெரியாது, முகம் சுவர் பக்கம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அக்டோபரில் நான் செய்த அன்னத்துக்குக் கழுத்து பத்தே நிமிஷத்தில் ஒடிந்து விழுந்தது. மெல்லியதாக இழைத்துவிட்டேன், பார்க்கிறவர்கள் ஆச்சரியப்பட வேண்டும் என்று. புஷ்பாவின் மீன் மூன்று மணி நேரம் அப்படியே நின்றது. செஃப் அதைப் பார்த்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார். உயரமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஸ்டாப் வந்துவிட்டது.


அதே நாள், மாலை ஏழு

வீடு. கை வீங்கியிருக்கிறது. பேனா சரியாகப் பிடிக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கட்டியைத் தொடவே இல்லை. செஃப் மூன்று தடவை வந்து மணி பார்த்தார். "சார், நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றேன். எனக்கு இப்படிப் பேச வரும் என்று தெரியாது. நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து, டார்ச் அடித்து, கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். பாய் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா கீது. நானும் பாத்தேன்" என்றார். பிறகு, "இன்னிக்கி பிறை தெரிஞ்சா நாளைக்கி நோன்பு. நான் வெரசா முடிக்கணும்" என்று தன் வேலைக்குத் திரும்பினார். அவர் செய்தது டீ கிளாஸ், இடுப்பு உயரத்துக்கு.

முதல் வெட்டு. எனக்கு வேண்டியிருந்தது இதுதான். உளி இறங்குகிற போது மணிக்கட்டு வரை ஒரு நடுக்கம் வரும், காய்கறியில் அது கிடையாது. காய்கறி வழி விடும். இது விடாது, விடாது, பிறகு ஒரேயடியாக விடும். குடத்தின் வயிற்றை உருட்ட இரண்டு மணி நேரம். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பு கொண்டுவந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டேன். மூன்று மணிக்கு வெயில் உள்ளே புகுந்தது, குடத்துக்குள் நிஜமாகவே தண்ணீர் நிற்கிற மாதிரி. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ, நம்ம வூட்டுக் குடம்" என்றாள்.

நான் சந்தோஷமாக இருந்தேன். அரை மணி நேரம், எல்லாவற்றையும் மறந்து. அதை எழுதாவிட்டால் பொய்.

மேஜை முன்னால் அட்டை: புஷ்பா. வந்தவர்கள் எல்லாரும் "புஷ்பாம்மா சூப்பர்" என்றார்கள். முதலில் இரண்டு பேரிடம் "நான் கலா" என்றேன். பிறகு விட்டுவிட்டேன்.

நடுவர்களில் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர், தமிழ்தான், குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். "செதுக்கல் இருக்கட்டும், இப்படி யோசிச்சீங்களே, அதுதான் பெருசு. தண்ணிக்காக நிக்கிற ஊருல தண்ணியிலேயே ஒரு குடம்."

"யோசிச்சது புஷ்பா, மேடம். அவங்களுக்குக் காலுல அடி. நான் கலா, செதுக்கினது மட்டும்."

"அப்படியா" என்று எழுதிக்கொண்டார். எழுதியது அவள் பெயரையா என் பெயரையா என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. எட்டிப் பார்த்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. செதுக்கல் இருக்கட்டுமாம்.

கிளப்காரருக்குக் கோப்பை. இன்றைக்குக் குதிரை செய்தார். நேற்று அரைக் கொக்குக்கு மார்க் இல்லை, அதனால் மொத்தத்தில் எங்களுக்கு இடமில்லை. ஆனால் இன்றைய நாளின் சிறப்புப் பரிசு குடத்துக்கு. மைக்கில் "புஷ்பா" என்று கூப்பிட்டார்கள். செஃப் என் முதுகில் தட்டிப் போகச் சொன்னார். போய் வாங்கினேன். ஒரு சின்னக் கோப்பை, மரப் பீடம்.

விளக்குப் போடும்போது நிமிர்ந்த குடத்தின் கழுத்து மெலிந்துவிட்டது. விழுவதைப் பார்க்க நிற்கவில்லை.


டிசம்பர் 21. திங்கள்

மேகம். தூறல் மாதிரி, தூறல் இல்லை.

பத்திரிகையில் படம். என் முகம், என் கை, அவள் குடம். கீழே "புஷ்பா". ஓட்டலில் எல்லாரும் கேலி. "இன்னாம்மா, பேர மாத்திக்கினியா?" பேக்கரி சாந்தி அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள்.

செஃப் விபத்து ரிப்போர்ட் எழுதினார். என்னைக் கேட்டார், "கலா, நீவு ஹிந்தெ இத்ரி அல்வா? ஏனாதரு நோடிதிரா?" பின்னால்தானே இருந்தாய், ஏதாவது பார்த்தாயா என்று.

"இல்ல சார்" என்றேன்.

அவளிடம் ஒத்துக்கொண்டவள் செஃபிடம் ஏன் பொய்? வேலை போய்விடுமோ என்றா? அதுவும்தான். அதைவிட, சாந்தி பக்கத்தில் நின்றாள். கழுவாத கீரை ஒரு கூடை இருந்தது, அதைக் கழுவப் போய்விட்டேன். தண்ணீர் ஐஸ் மாதிரி.


டிசம்பர் 24. வியாழன்

கோப்பையை எடுத்துக்கொண்டு மர்பி டவுன். சாயங்காலம். தெரு முழுக்கக் காகித நட்சத்திரம், ஒரு வீட்டுக்கு ஒன்று. ரம்யாவையும் கூட்டிப் போனேன். குழந்தை இருந்தால் உள்ளே கூப்பிடுவாள் என்று. அதற்காகத்தான்.

மணி அண்ணன் வாசலுக்கு வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். அவருக்குத் தெரியாது போல.

"தூங்குதும்மா. மாத்திரை போட்டுச்சு."

உள்ளே டிவி ஓடியது. யாரோ சேனல் மாற்றினார்கள்.

"இத குடுத்துடுங்கண்ணா. அவளுக்கு வந்தது."

"ஐயோ, நீ செஞ்சது, நீயே வெச்சுக்கோ."

"இல்லண்ணா. அவ பேருலதான் கீது."

வாங்கிக்கொண்டார். ரம்யா பஸ் ஸ்டாப்பில் கேட்டாள், "இன்னாம்மா, புஷ்பா ஆன்ட்டி முழிச்சிக்கினுதானே இருந்தாங்க? ஜன்னல்ல பாத்தேன்."

"இல்ல, தூங்கறாங்க."

"எனக்குக் கை காட்டினாங்க."

அவளுக்குக் காட்டியிருக்கிறாள்.


ஜனவரி 2, 1999. சனி

புது டைரி யாரும் கொடுக்கவில்லை. இதிலேயே பின்பக்கத்தில்.

புது வருஷ பஃபே இரண்டு நாள். முப்பது தர்பூசணி. தோள் பட்டை விட்டுப் போய்விட்டது. ஐஸ் வைக்கவில்லை, செஃப் வேண்டாம் என்றுவிட்டார். "புஷ்பா பரலி, ஆமேலெ" என்றார். புஷ்பா வரட்டும், அப்புறம் என்று. நான் இருக்கிறேனே என்று வாய் வரை வந்தது. இன்னும் வருகிறது, பார்.


ஜனவரி 4. திங்கள்

பனி இல்லை. நல்ல வெயில். எட்டு மணிக்கே ஸ்வெட்டர் வேண்டாமென்று ஆகிவிட்டது.

பு. வந்துவிட்டாள். லேசாக நொண்டுகிறாள். வலது காலுக்குப் பெரிய சைஸ் ஷூ, ஸ்டோரில் தேடி வாங்கியிருக்கிறார்கள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். நானும் போனேன். "வலி இருக்கா?" என்றேன். "இல்ல, பரவாயில்ல" என்றாள், வேறு யாருக்கு வேண்டுமானாலும் சொல்கிற மாதிரி. எப்போதும் போடுகிற "டி" போடவில்லை.

செஃப் அவளையும் கேட்டார், ரிப்போர்ட்டுக்கு. நான் கீரைக் கூடைக்குப் பின்னால் கீரையைப் பிரிக்கிற மாதிரி நின்றேன். "உள்ள கோடு இருந்திருக்கு சார். யாருக்கும் தெரியல" என்றாள். என்னைப் பார்க்காமல்.

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். இதற்கு நான் என்ன செய்வது?

பத்து மணிக்குத் தன் பலகை, கத்தி, துணி மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்து மேஜைக்குப் போனாள். "அங்க வெளிச்சம் நல்லா கீது சார், உக்காந்தும் வெட்டலாம்" என்று செஃபிடம். அவர் சரி என்றார். கால் வலிக்கிறவள், யார் வேண்டாம் என்பார்கள்.

அந்த மேஜை பேக்கரிக்காரர்களுடையது. சாந்தி நகர்ந்து இடம் விட்டாள். ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள்.

மதியம் வரை நான் என் பக்கத்தில் வெள்ளரிக்காய். நாற்பது. பதினோராவது காயில் சாந்தி ஏதோ சொன்னாள், பு. சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சும்மா சிரிப்பதற்கு அவள் வாயைப் பொத்த மாட்டாள். நிஜமாகவே சிரிப்பு வந்தால்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம். ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு, ட்ரே எடுக்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் நடந்தேன். நான் கிட்டே போவதற்குள் இரண்டு பேரும் வேலையில் குனிந்துவிட்டார்கள்.

சாந்தி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள், பு. அப்படிச் சிரிக்க?